கண்டக்டர் அண்ணாச்சியின் பலூன்கள்

அவருக்கு மூலம் வந்ததும், அது துத்தி இலையில் சரியானதும் தென்காசியிலிருந்து குற்றாலம் வரை எல்லாருக்கும் தெரியும். அவருடைய சகலை சீட்டாட்டத்தில் காதுக் கடுக்கனைத் தோற்றதும் தெரியும். முதல் நாள் ராத்திரி அவர் வீட்டில் என்ன குழம்பு, அதில் உப்பு கூடுதலா குறைவா என்பதெல்லாம் வண்டி மேலகரம் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். டிக்கெட் கிழிக்க மறந்தாலும் மறப்பாரே தவிர, சேதி சொல்ல மறக்கமாட்டார்.

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். நான் குற்றாலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீடு தென்காசியில். காலையில் அந்த மஞ்சள் வண்டியில் போய், சாயந்தரம் அதே வண்டியில் திரும்புவேன். தனியார் முதலாளி ஒருவருடைய டவுன் பஸ் அது. நாள் முழுக்கத் தென்காசிக்கும் குற்றாலத்துக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கும். சீசன் சமயத்தில் மட்டும் ஐந்தருவி வரை நீட்டிப்பார்கள். அவர் அதில் கண்டக்டர். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் கண்டக்டர் அண்ணாச்சி. பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எல்லாவற்றையும் சொன்ன மனிதர் அதை மட்டும் சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை, நானும் கேட்டதில்லை.

நல்ல பெரிய உடம்பு. காக்கிச் சட்டையின் நடுப்பொத்தானை அவர் போட்டு நான் பார்த்ததில்லை. தோல் பை தோளில் தொங்காது, வயிற்றின் மேல் மேஜையில் வைத்தமாதிரி உட்கார்ந்திருக்கும். கூட்டமான வண்டிக்குள் முன்னும் பின்னும் போவதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். "எதுக்க லாரி வருது, ஓரங்கட்டுங்க" என்று தானே சொல்லிக்கொண்டு ஒருக்களித்து வருவார். சிரிக்கிறவன் தன்னையறியாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வான். அந்த இடைவெளியில் அவர் கடந்துபோய்விடுவார்.

அவர் வாயில் சேதி நிற்காது என்று நான் தெரிந்துகொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த சில மாதத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வீட்டோடு முடிந்த விஷயம். மறுநாள் காலையில் நான் ஏறி உட்காரும்போதே அவர் முன்வாசலில் நின்றுகொண்டு வண்டிக்கே கேட்கிற மாதிரி, "நம்ம டைப்பு தங்கச்சிய நேத்து பொண்ணு பாக்க வந்தாவ. மாப்பிள்ளைக்குச் சுரண்டைல ஜவுளிக்கடை. கேசரி செஞ்சிருந்தாவளாம்" என்றார். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. டிக்கெட் கொடுக்க வந்தபோது, உங்களுக்கு இதெல்லாம் யார் சொன்னது, சொன்னாலும் இப்படியா ஊர் முழுக்கத் தமுக்கடிப்பது என்று கேட்டேன். அவருக்கு என் கோபமே விளங்கவில்லை. நல்ல காரியத்தை நாலு பேர் காதில் போட்டால்தான் நடக்கும் என்றார். நான் இரண்டு நாள் வேறு வண்டியில் போனேன்.

மூன்றாம் நாள் என் அப்பாவைத் தேடி வீட்டுக்கு ஒருவர் வந்தார். சுரண்டைக்காரர். அந்த வண்டியில் எப்போதாவது வருகிறவர், அண்ணாச்சி சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி, அந்தப் பெண் தன் பிறந்த வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார். விசாரித்தபோது அது நிஜம். அதற்கப்புறம் நான் மஞ்சள் வண்டியிலேயே போனேன். அவர் அந்த விஷயத்தை ஒரு தரமும் எடுக்கவில்லை. அடக்கம் காரணமில்லை. அதற்குள் அவரிடம் வேறு சேதிகள் வந்து குவிந்திருந்தன.

புளியரைக்காரர் ஒருவருக்குக் கறவை மாடு வேண்டும், நன்னகரத்தில் ஒருவருக்கு மாட்டை விற்க வேண்டும் என்றால், அவர்கள் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்காரும்படி பார்த்துக்கொள்வார். யார் வீட்டில் அறை காலி, யார் பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி, யாருக்கு மாமியாரோடு பேச்சு இல்லை, எல்லாம் அவரிடம் இருக்கும். கெட்ட எண்ணத்தோடு ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஆனால் சொல்லாமல் இருக்கவும் மாட்டார். வண்டி ஓட்டிய டிரைவர் இதற்கு நேர் எதிர். மெலிந்த மனிதர். வாயில் புகையிலை அடக்கியிருப்பாரோ என்று சந்தேகப்படும்படி இருப்பார். அடக்கியிருக்கவில்லை, பேச்சே அவ்வளவுதான். கண்டக்டர் அண்ணாச்சி அவரைப் பற்றிச் சொல்லும்போது, "எங்க டிரைவருக்குப் பேச வேண்டியதையும் சேத்து நான்தான் பேசுதேன்" என்பார்.

ஒரு நாள் காலையில் அவர் ஏறியதும் ஏதோ பெரிய சேதி இருப்பது முகத்தில் தெரிந்தது. எல்லாரும் ஏறட்டும் என்று காத்திருந்தார். வண்டி நகர்ந்ததும் ஆரம்பித்தார். கொஞ்ச நாளாகத் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு புடைப்பு. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். எலுமிச்சங்காய் அளவில் இருந்தது இப்போது மாங்காய் அளவுக்கு வந்துவிட்டது. முந்தின நாள் தென்காசியில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். குடல் பிதுங்கி வருகிறது, ஆப்பரேஷன் செய்யாவிட்டால் ஒரு நாள் அங்கேயே மாட்டிக்கொண்டு உயிருக்கு உலை வைத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சரி, நாளைக்கே அறுத்துவிடுங்கள் என்று இவர் சட்டையைக் கழற்றியிருக்கிறார். டாக்டர் அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த உடம்பில் மயக்கம் கொடுத்தால் மூச்சு திரும்புமோ என்னவோ, தையல் போட்டாலும் நிற்காது, முதலில் இருபது கிலோவாவது குறைத்துக்கொண்டு வாரும், அதுவரை கத்தியைத் தொடமாட்டேன் என்று அனுப்பிவிட்டார்.

"இருவது கிலோன்னா ஒரு ஆட்டுக்குட்டி" என்றார் கண்டக்டர் அண்ணாச்சி. "நான் இத்தன நாளா ஒரு ஆட்டுக்குட்டியத் தூக்கிக்கிட்டுத்தான் ஒங்களுக்கெல்லாம் டிக்கெட் குடுத்திருக்கேன்."

வண்டி சிரித்தது. அப்போது அவர் குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு. இது எங்க வீட்டுல தெரியக்கூடாது."

காரணத்தையும் சொன்னார். அவர் மனைவிக்கு ஒரே தம்பி. பல வருடத்துக்கு முன் குடல்வாலுக்கு ஆப்பரேஷன் என்று வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தன் காலால் நடந்து உள்ளே போன பையன். மயக்கம் கொடுத்த பிறகு எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து அந்த அம்மாள் ஆஸ்பத்திரி இருக்கிற தெரு வழியாகக்கூடப் போவதில்லை. தம்பியின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. இனி நம் வீட்டில் யார் உடம்பிலும் கத்தி படக்கூடாது என்று புருஷனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் உடம்பைக் குறைத்து, தெரியாமல் அறுத்துக்கொண்டு, எழுந்து வந்து சொல்லிக்கொள்ளலாம் என்பது இவர் யோசனை.

ஒரு சேதியைக் காலை வண்டியிலிருந்து மாலை வண்டி வரை வைத்திருக்கத் தெரியாத மனிதர், ஒரு பஸ் நிறைய ஆட்களிடம் ரகசியத்தைக் கொடுத்துக் காப்பாற்றச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் காப்பாற்றினார்கள். நன்னகரத்தில் ஏறும் பூக்காரி ஆச்சி, கதம்பம் கட்டிக்கொண்டே, "ஏலே, நீ வாய மூடிக்கிட்டு இருந்தாப் போதும். நாங்க சொல்லமாட்டோம்" என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் அவருடைய உடம்பு வண்டியின் பொதுச்சொத்தாகிவிட்டது. குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருந்த ஒருவர் தினமும் சூடாக ஒரு பொட்டலம் அவர் பையில் செருகுவது வழக்கம். அதை அன்றோடு நிறுத்தினார். அவர் நிறுத்தியதோடு விடாமல், கடைவீதியில் இருந்த மற்ற கடைக்காரர்களிடமும் சொல்லி வைத்தார். அண்ணாச்சி செங்கோட்டை பார்டரில் பரோட்டா தின்ன ஞாயிற்றுக்கிழமை தோறும் போவாராம். அந்த வழியில் போகும் இன்னொரு வண்டியின் கண்டக்டருக்குச் சேதி போயிற்று. அவர் ஏறினால் இறக்கிவிட வேண்டும் என்று. குற்றாலத்தில் வண்டி நிற்கும் நேரத்தில் முன்பெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்பார். இப்போது அருவிப் பாலம் வரை நடந்துபோய்வர வேண்டும். டிரைவர் ஒன்றும் பேசமாட்டார், கையால் அருவிப் பக்கம் காட்டுவார். அவ்வளவுதான். அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே நடப்பார்.

எடை பார்ப்பதற்கு ஏற்பாடு செய்தவர் சிப்ஸ் கடைக்காரர். காய் எடுக்க அவர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவார். அங்கே ஒரு கமிஷன் மண்டியில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு உண்டு. அண்ணாச்சியையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் அதில் ஏற்றினார். லோடு தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்களாம். நிறுத்தவன் பழக்க தோஷத்தில் எடையைச் சத்தமாகக் கூவிவிட்டு, "எந்தூரு சரக்கு" என்று கேட்டானாம். இதையும் அண்ணாச்சிதான் எங்களிடம் சொன்னார். எடை என்ன என்பதையும் கூச்சமில்லாமல் சொன்னார். அதை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பலூன் யோசனை டாக்டர் சொன்னது. மயக்கத்துக்கு நுரையீரல் பலமாக இருக்க வேண்டும், மூச்சை இழுத்துப் பலூன் ஊதிப் பழகு என்றிருக்கிறார். விசில் ஊதுகிறேனே போதாதா என்று இவர் கேட்டதற்கு, போதாது என்றுவிட்டார். ஆகவே சட்டைப் பையில் எந்நேரமும் நாலைந்து பலூன் இருக்கும். டிக்கெட் போட்டு முடித்ததும் படிக்கட்டருகே நின்று ஊதுவார். முதலில் முகம் சிவந்து கண் பிதுங்கும். ஒரு பலூன் ஊதுவதற்குள் ஊர் வந்துவிடும். நாளாக ஆக நன்றாகப் பழகிவிட்டது. ஊதியதை என்ன செய்ய. வண்டியில் வரும் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவார். அந்த மாதங்களில் மஞ்சள் வண்டி எந்தக் கல்யாணத்துக்குப் போகிறது என்று வழியில் பார்த்தவர்கள் கேட்பார்கள்.

வண்டியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வீட்டில்தான் சிக்கல். அவர் மனைவி சமைப்பதில் கெட்டிக்காரி. சொதி வைத்தால் தெருவில் போகிறவன் நிற்பான் என்று அவரே சொல்வார். இத்தனை வருடமாக வைத்ததை வழித்துச் சாப்பிட்ட மனிதர் திடீரென்று ஒரு கரண்டிச் சோறோடு எழுந்தால் எந்தப் பெண்பிள்ளைக்கும் திக்கென்றுதான் இருக்கும். முதலில் வயிறு சரியில்லை என்றார். அப்புறம் திருமலைக் கோயில் முருகனுக்கு விரதம் என்றார். என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு, வேண்டுதலைச் சொன்னால் பலிக்காது என்றாராம். தான் பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக எங்களிடம் சொல்லிச் சிரித்தார். பூக்காரி ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. "ஒன் பொண்டாட்டி ஒன்ன எத்தன வருசமாப் பாக்கா. வாய் ஓயாமப் பேசுதவன் ஒரு விசயத்துல மட்டும் வாய மூடுனா அவளுக்குத் தெரியாதாலே" என்றாள்.

அந்த அம்மாளுக்கு ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. என்ன என்பதை அவள் வேறு விதமாக நினைத்துக்கொண்டாள்.

கார்த்திகை மாதம் என்று நினைக்கிறேன். காலை வண்டி வாய்க்கால் பாலத்தில் நின்றபோது ஒரு பெண் ஏறினாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். நல்ல சேலை, தலை நிறையப் பூ, முகம் மட்டும் ராத்திரி தூங்காத முகம். அண்ணாச்சியின் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. அவர் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நேரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் குனிந்து பென்சிலை எடுக்கும்போது மெதுவாக, "வீட்டுல" என்று என்னிடம் சொன்னார்.

அன்றைக்குப் போல அந்த வண்டி அமைதியாகப் போய் நான் பார்த்ததில்லை. சிப்ஸ் கடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டு வந்தார். யாரும் அண்ணாச்சியிடம் எடை கேட்கவில்லை. அவரும் எந்தச் சேதியும் சொல்லவில்லை. மேலகரம் தாண்டியதும் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "என்ன தங்கச்சி, எல்லாரும் எளவு வீட்டுக்குப் போற மாதிரி வாறாவ" என்றாள். நான் சிரித்து வைத்தேன்.

நன்னகரத்தில் பூக்காரி ஆச்சி ஏறினாள். அவளுக்குப் பின்னால் ஓர் இளம் தாயும் அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தையும். குழந்தைக்கு மூன்று வயதிருக்கும். தினமும் வருகிற குழந்தைதான். ஏறியதும் ஏறாததுமாக அது அண்ணாச்சியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

"மாமா, பலூன் ஊது."

அண்ணாச்சி அசையவில்லை. குழந்தை விடாமல் அவருடைய சட்டைப் பையைப் பிடித்து இழுத்தது. உள்ளே இருந்து ஒரு சிவப்பு பலூன் வெளியே வந்தது. என் பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து நின்றாள். குழந்தையிடம் போய், நல்ல குரலில்தான், "மாமா தெனமும் ஊதித் தருவாராம்மா" என்று கேட்டாள். குழந்தை ஆமாம் என்று தலையை ஆட்டியது. அவள் அந்தத் தாயைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் முகத்தை, நெற்றி, மூக்கு, மோவாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதானா" என்றாள்.

அப்போதுதான் எங்களுக்கு அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று புரிந்தது. அந்தத் தாய்க்கும் புரிந்து முகம் வெளிறிப்போயிற்று. யாராவது உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் அத்தனை பேரும் வாக்குக் கொடுத்தவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அண்ணாச்சி விசில் ஊதினார். டிரைவர் வண்டியை வயல்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஏளா, நீ நெனைக்கது இல்ல" என்றார் அண்ணாச்சி. "எனக்குக் குடல் எறங்கியிருக்கு. ஆப்பரேசன் பண்ணணும். ஒடம்பக் கொறச்சாத்தான் பண்ணுவேங்காரு டாக்டரு. மூச்சுக்குப் பலூன் ஊதச் சொன்னாரு. சோத்தக் கொறச்சதும் அதுக்குத்தான். இவங்க எல்லார்ட்டயும் நான்தான் ஒங்கிட்டச் சொல்லாதீங்கன்னு சொல்லி வச்சேன்."

சட்டையைத் தூக்கி அந்தப் புடைப்பையும் காட்டிவிட்டார். அவள் அதைப் பார்த்தாள். அப்புறம் வண்டியை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்ளா" என்றாள் பூக்காரி ஆச்சி.

"ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு எனக்கு ஒரு வார்த்த சொல்ல வழியில்லாமப் போச்சோ" என்றாள் அவரிடம். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டிரைவர் யாரும் விசில் கொடுக்காமலே வண்டியை எடுத்தார்.

குற்றாலத்தில் இறங்கியவள் அவர் கூப்பிட்டும் திரும்பு வண்டியில் ஏறவில்லை. எங்கள் அலுவலக வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டாளே தவிர குடிக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும், அதுவும் அண்ணாச்சி வண்டியில் சொன்னதுதான். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வேற வீடு இருக்குன்னு நெனச்சேன் தங்கச்சி. சட்டையத் தொவைக்க எடுத்தா பலூன் இருக்கு. பிள்ளையும் இருக்குன்னு முடிவே பண்ணிட்டேன். ரெண்டு நாளு அழுதேன். அப்பொறம் அந்தப் பிள்ளைய ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம், யாரு சாடைன்னு பாப்போம்னுதான் வந்தேன். இப்ப இதக் கேட்டப்பொறம், அதுவே இருந்திருந்தாத் தேவலையோன்னு இருக்கு."

சொன்ன பிறகு தான் சொன்னதைக் கேட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. நான் வேறு டீ வாங்கி வந்தேன். இந்த முறை குடித்தாள். சாயந்தரம் அவருடைய வண்டியிலேயே, முன்னிருக்கையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனாள்.

பத்து நாளைக்கு மேல் அவரோடு அவள் பேசவில்லை. சோறு போடுவாள், போய்விடுவாள். ஆப்பரேஷன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய்து கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. அண்ணாச்சிக்கு அதுதான் தாங்கவில்லை. பலூன் ஊதுவதையும் நிறுத்திவிட்டார். டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன், அவளுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறி எழுந்து வந்தாலும் என்ன பிரயோஜனம் என்றார். சிப்ஸ் கடைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்த வாரத்தில் ஒரு நாள் படியில் கால் வைத்த அண்ணாச்சி அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வியர்த்துக் கொட்டியது. படுக்கவைத்து, மெல்ல அழுத்தி உள்ளே தள்ளி, சரியானது. டிரைவர் அன்றைக்கு டிரிப்பை முடித்துவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே போயும் அதிகம் பேசவில்லையாம். வாசலில் நின்று, நடந்ததை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் அந்த அம்மாள் அவரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். தெருவையே மிதிக்காதவள் படியேறி உள்ளே போய், அறுக்கிற டாக்டரோடு எனக்குப் பேச்சில்லை, மயக்கம் கொடுப்பவர் யார், அவரை நான் பார்க்க வேண்டும் என்றிருக்கிறாள். அது ஒரு பெண் டாக்டர். வாரத்துக்கு ஒரு தரம் திருநெல்வேலியிலிருந்து வருகிறவர், சின்ன வயது. அவர் வரும் நாள் வரை காத்திருந்து மறுபடி போனார்கள். அங்கே நடந்ததை அண்ணாச்சி வண்டியில் சொன்னபோது, வழக்கம்போல் கையை ஆட்டாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்.

தம்பியின் கதையை அவள் அந்த டாக்டரிடம் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். என்ன சட்டை போட்டிருந்தான், உள்ளே போகும்போது என்ன சொன்னான் என்பது வரை. கல்யாணமான நாளிலிருந்து தன்னிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை என்றார். டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, ஒன்றும் ஆகாது என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது என்றாராம். "ஆனா இவரு கண்ணு முழிக்கிற வரைக்கும் நான் தலைமாட்டுல இருந்து எந்திரிக்க மாட்டேன். அது சத்தியம்" என்றாராம். அவள் யோசித்துவிட்டு, அப்ப சரி என்றிருக்கிறாள்.

அதற்கப்புறம் எங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவளே பொறுப்பெடுத்துக்கொண்டாள். காலையில் கொள்ளுக் கஞ்சி, மத்தியானம் அளந்து வைத்த சோறும் கீரையும், ராத்திரி ஒன்றோ இரண்டோ கேப்பை ரொட்டி. மத்தியானத் தூக்குச்சட்டியைத் தானே கொண்டுவந்து வண்டியில் கொடுத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே நிற்பாள். நாங்கள் மனம் இளகி எப்போதாவது ஒரு முறுக்குக் கொடுத்திருப்போம். அவளிடம் அந்தப் பேச்சே கிடையாது. "ஒங்க எல்லாரையும் போலீசுன்னு நெனச்சேன். இப்பல்லா தெரியுது, நீங்க வெறும் ஊர்க்காவல், அவதான் போலீசு" என்றார் அண்ணாச்சி. காக்கிச் சட்டையின் நடுப்பொத்தான் போடத் தொடங்கினார். பங்குனி வாக்கில் பாவூர்சத்திரத்து மண்டியில் தராசு டாக்டர் சொன்ன கணக்குக்கு வந்தது. லோடு தூக்குகிறவர்கள் அவருக்கு ஒரு பூசணிக்காயைப் பரிசாகக் கொடுத்து, இறக்கின சரக்குக்குப் பதில் இது என்றார்களாம்.

ஆப்பரேஷன் அன்று எங்கள் வண்டிக்குப் புது ஆள் வந்தார். நல்ல மனிதர்தான். டிக்கெட் கொடுத்தார், சில்லறை கொடுத்தார். காலையில் என்ன சாப்பிட்டார் என்றுகூடச் சொல்லவில்லை. டிரைவரும் புது ஆள். பழைய டிரைவர் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி அந்த அம்மாள் பின்னால் என்னிடம் சொன்னாள். அவரை உள்ளே கொண்டுபோனதும் அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டிரைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார். தான் முதலில் ஓட்டிய லாரியிலிருந்து ஆரம்பித்து, ஆரியங்காவுக் கணவாயில் பிரேக் பிடிக்காமல் போனது, தன் மகள் நாய்க்குட்டிக்கு ஞானஸ்நானம் செய்துவைத்தது, கண்டக்டர் அண்ணாச்சி முதன்முதலில் வண்டிக்கு வந்த நாளில் படியில் மாட்டிக்கொண்டது என்று, கதவு திறந்து அந்தப் பெண் டாக்டர் சிரித்துக்கொண்டு வெளியே வரும் வரை நிறுத்தவே இல்லையாம். "அந்த மனுசனுக்கு அவ்வளவு பேச்சு எங்கன இருந்துச்சோ" என்றாள் அவள். "தொண்ட கட்டிப்போச்சு அவருக்கு. நான்தான் தண்ணி வாங்கிக் குடுத்தேன்."

இரண்டு மாதம் கழித்து அண்ணாச்சி வேலைக்கு வந்தார். பாரம் தூக்கக் கூடாது, கூட்டத்தில் இடிபடக் கூடாது என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. அவருக்கு இருந்த ஒரே வருத்தம், மயக்கத்தில் இருந்த நேரத்தில் நடந்தது எதுவும் தனக்குத் தெரியவில்லை என்பது. அதை மட்டும் சொல்ல முடியவில்லையே என்று பல நாள் அங்கலாய்த்தார்.

அந்த வருடம் சீசன் நன்றாக இருந்தது. ஒரு விடுமுறை நாளில் என் அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெயின் அருவிக்குப் போயிருந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆண்கள் குளிக்கும் பக்கத்தில், பாறையை ஒட்டி, இடுப்பில் ஒரு துண்டோடு அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடமாக ஒரு நாளைக்குப் பல தரம் குற்றாலத்துக்கு வந்துபோகும் மனிதர் அருவியில் குளித்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டிருக்கிறார். வண்டியில் அத்தனையும் சொன்னவர் இதைச் சொன்னதில்லை.

இப்போது அவருக்குப் பக்கத்தில் மெட்ராஸ்காரர் மாதிரி தெரிந்த ஒருவர் எண்ணெய்த் தலையோடு நின்றிருந்தார். அண்ணாச்சி தன் வயிற்றில் இருந்த நீளமான தழும்பை விரலால் காட்டி, எங்கிருந்து எங்கே வரை அறுத்தார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அருவி இரைச்சலில் அந்த ஆளுக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. தலையைத் தலையை ஆட்டினார். கேட்கவில்லை என்பது தெரிந்ததும் அண்ணாச்சி அவர் கையைப் பிடித்து இழுத்துத் தழும்பின் மேல் வைத்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவருக்கு மாற்றுத் துணியும் துண்டும் வைத்துக்கொண்டு அவர் மனைவி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் ஈரத்தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனபோது, அவள் அந்த அம்மாளிடம் தன் தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் பெயரைச் சொன்னாள். சீசன் வந்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டான், இங்கேதான் கிடப்பான், கண் சிவக்கச் சிவக்கக் குளிப்பான், அப்பா பிரம்பை எடுத்துக்கொண்டு வந்தால் தண்ணீருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான் என்று, அருவியைக் காட்டிச் சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.